கயிறு திரிக்க வேண்டாம், கட்டச் சொல்லுங்கள்

பினாங்குத் தீவின் கரையோரத்தில் படகு உலாவுக்கும் நீர்விளையாட்டுக்கும் அனுமதி தரும் அதிகாரிகள் அனைவருக்கும்,

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர், வணக்கம்.

கடந்த பள்ளி விடுமுறையில் தெலுக் பஹாங்குக்கு மேற்கே நடந்ததை உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. நின்றபடி துடுப்புப் போடும் பலகையான பேடில்போர்டும், மூச்சுக்குழாயோடு மிதந்து மீன் பார்க்கும் ஸ்நோர்க்கலும் சேர்ந்த ஒருநாள் உலா. பலகைகள் காலியாகக் கடலுக்குள் போயின. அவற்றில் வந்தவர்கள் கண்ணாடியும் மூச்சுக்குழாயுமாக நீரில் மிதந்தார்கள். அந்த வழியாக ஒரு மீன்பிடிப் படகு வந்ததால் எல்லாரும் வீடு திரும்பினார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்பதால் அது விபத்துக் கணக்கில் ஏறவில்லை. மீனவருக்கு நன்றி சொல்லிக் கடிதம் போனதா என்றும் தெரியவில்லை.

உங்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான். கயிறு. ஆள் பலகையில் இருந்தால் அவர் உடம்போடு கயிறு, ஆள் நீரில் இறங்கினால் பலகைக்கு நங்கூரத்தோடு கயிறு. இரண்டில் ஒன்று இல்லாத பலகை கடலில் இறங்கக் கூடாது என்பதை உரிமத்தின் நிபந்தனையாக எழுதுங்கள்.

இவ்வளவு சின்ன விஷயத்துக்கா திறந்த மடல் என்று நினைக்கலாம். காற்றடைத்த பலகை ஒன்றின் எடை ஏறக்குறைய பத்துக் கிலோ, நீளம் பத்தரை அடி, கனம் ஆறு அங்குலம். நீருக்குள் அமிழ்வது கொஞ்சம், காற்றில் நிற்பது மிச்சம் எல்லாம். மேலே ஆள் இல்லாத பலகையைக் காற்று காகிதத் தட்டு போலத் தள்ளிக்கொண்டு போகும். நீச்சல் தெரிந்தவர்கூட விழுந்த கணத்தில் எட்டிப் பிடித்தால்தான் உண்டு. மூக்கில் நீர் ஏறி, இருமி, கண்ணைத் துடைத்துத் திரும்பிப் பார்க்கிறபோது பத்து மீட்டர் போயிருக்கும். உயிர்காப்பு மேலங்கி அணிந்தவரால் வேகமாக நீந்த முடியாது. துரத்தத் துரத்த அவர் களைப்பார், பலகை களைக்காது. தன்னிடம் இருக்கும் மிகப் பெரிய மிதவையை அவர் இழக்கிறார். தேடிவரும் படகுக்குத் தொலைவிலிருந்து தெரியக்கூடிய ஒரே பொருளும் அதுதான்.

பத்து நாட் (மணிக்கு ஏறக்குறைய பதினெட்டுக் கிலோமீட்டர்) வேகக் காற்றை எதிர்த்துப் புதியவர் நின்றபடி துடுப்புப் போட்டால் பலகை நகராது, அவரே பாய்மரம் ஆகிவிடுவார். முட்டிபோட வேண்டும். அதுவும் போதாதென்றால் குப்புறப் படுத்துத் துடுப்பை நெஞ்சுக்கடியில் வைத்துக்கொண்டு கையால் தள்ள வேண்டும். மணலில் ஐந்து நிமிடத்தில் சொல்லித்தரக்கூடிய பாடம் இது. அந்த ஐந்து நிமிடத்தைப் படம் எடுப்பதற்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

நம் வடகரையின் குணமும் சேர்ந்துகொள்கிறது. பத்து ஃபெரிங்கியிலிருந்து முக்கா ஹெட் முனை வரை கரை வடக்கே பார்க்கிறது, முதுகில் மலை. காலையில் மலையிலிருந்து கடலுக்கு வீசும் காற்றில் கரையோர நீர் கண்ணாடி மாதிரி இருக்கும். வாடிக்கையாளருக்கும் மகிழ்ச்சி, படத்துக்கும் அழகு. அந்தக் கண்ணாடி நீர், மலையின் மறைவு இருக்கும் தூரம் வரைதான். அதைத் தாண்டியதும் அதே காற்று முதுகில் அடித்து வெளியே தள்ளும். ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில் சுமாத்ரா பக்கமிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் புயற்காற்று பெரும்பாலும் விடியலை ஒட்டியோ காலையிலோதான் வருகிறது. மேற்கு வானம் கறுப்பதை, மேற்குக் கரையில் உள்ள பந்தாய் கெராச்சுட்டில் நிற்பவர் பார்த்துவிடுவார். தெலுக் டுயோங் குடாவில் இருப்பவருக்கு அதை மலை மறைக்கிறது. அவருக்குத் தெரிய வரும்போது காற்று தலைக்கு மேல் வந்திருக்கும். "வானம் நல்லாத்தானே இருந்துச்சு" என்று பிறகு சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்கள் பார்த்தது பாதி வானம்.

இந்தக் கரையில் பலகையும் ஆளும் பிரியக் கூடாது. உலாவின் அமைப்போ அவர்களைப் பிரிப்பதற்கென்றே செய்தது போல இருக்கிறது. நாங்கள் அதிகம் வருந்துவது இதற்குத்தான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பலகையில் போகும்வரை ஒவ்வொரு பலகைக்கும் ஓர் ஆள் உண்டு. குடாவுக்குள் வந்ததும் "எல்லாரும் இறங்கலாம், மீன் பார்க்கலாம்" என்கிறார் வழிகாட்டி. கணுக்காலில் கயிறு இருந்தால் அது காலில் மாட்டும் நீச்சல் துடுப்பில் சிக்கும், பாறை இடுக்கில் மாட்டும். ஆகவே கழற்றத்தான் வேண்டும், அதில் தவறில்லை. கழற்றிய முனையை எங்கே கட்டினார்கள்? பெரும்பாலும் எங்கும் இல்லை. எட்டுப் பலகையைப் பக்கம் பக்கமாகச் சேர்த்து, துடுப்புகளைக் குறுக்கே போட்டு, "பிடிச்சுக்கோங்க" என்று வந்தவரில் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு வழிகாட்டியும் நீரில் குதிக்கிறார். பிடித்துக்கொண்டிருப்பவருக்கும் மீன் பார்க்க ஆசை இருக்காதா? அவரும்தானே காசு கொடுத்து வந்திருக்கிறார்.

சரியாகச் செய்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒன்றரைக் கிலோ மடக்கு நங்கூரம் ஒரு பலகைக்குப் போதும், மிஞ்சினால் இரண்டுக்கு. எட்டுப் பலகைக்கு அதைப் போட்டால் நங்கூரமும் சேர்ந்து உலா போகும். அத்தனை பலகைக்கு அதைவிடக் கனமான நங்கூரம் வேண்டும், முதல் ஒன்றிரண்டு மீட்டருக்குச் சங்கிலி வேண்டும். சங்கிலியின் எடை இழுவையைக் கிடைமட்டமாக வைத்தால்தான் கொக்கி மணலைக் கவ்வும். கயிற்றின் நீளம் ஆழத்தைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும், காற்று இருந்தால் ஐந்து மடங்கு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இங்கே கடல் இரண்டு மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. காலையில் அளந்த ஆழத்தை மதியத்துக்கும் நம்பினால் நங்கூரம் தரையை விட்டுக் கிளம்பிவிடும். பலகைகளை மூக்கும் வாலுமாகக் கோத்து, தலைப்பலகையை மட்டும் நங்கூரத்தில் கட்ட வேண்டும். நங்கூரம் மணலில்தான் விழ வேண்டும், பவளத்தில் அல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு வழிகாட்டி பலகையை விட்டு இறங்கவே கூடாது. முட்டிபோட்டு நின்று தலைகளை எண்ணிக்கொண்டே இருப்பது அவர் வேலை. இன்னொருவர் நீரில் இருப்பார். ஆக, குறைந்தது இரண்டு பேர். ஒரே வழிகாட்டியை வைத்து இந்த உலாவை நடத்துபவர் ஒரு சம்பளத்தை மிச்சம் பிடிக்கிறார், அவ்வளவுதான்.

தலை எண்ணுவதை ஏன் இவ்வளவு அழுத்துகிறோம் என்றால், ஸ்நோர்க்கல் செய்பவர் மூழ்கும்போது சத்தம் வராது. வாயில் குழாய் இருக்கும், முகம் நீருக்குள் இருக்கும். மீன் பார்ப்பவரும் நினைவிழந்தவரும் மேலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். நம் குடாக்களின் நீரோ கலங்கல். விளம்பரத்தில் சிரிக்கும் கோமாளி மீனைத் தெலுக் டுயோங்கில் தேடிப் போகிறவர்களுக்கு எங்கள் அனுதாபம். அந்தப் படம் எந்தக் கடலில் எடுத்ததோ! தெளிந்த நீர் வேண்டுமென்றால் கெடா பக்கம் பூலாவ் பாயார் வரை போக வேண்டும். அது கடல் பூங்கா, அங்கே ஒழுங்கும் கொஞ்சம் உண்டு. இங்கே சில நாட்களில் நீட்டிய கை விரல் தெரியாது. அப்படிப்பட்ட நீரில் ஆளைத் தேடுவது எப்படி இருக்கும் என்று நாங்கள் எழுத வேண்டியதில்லை.

கயிறு என்றதும் ஏதோ ஒரு கயிறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். குடாவில் வேண்டியது தொலைபேசிக் கம்பி போலச் சுருண்டிருக்கும் சுருள்கயிறு. நேர்கயிறு பின்னால் இழுபட்டுப் பாறையிலும் கிடக்கும் வலையிலும் மாட்டும். கால்பட்டையின் வெல்க்ரோவில் மணல் ஏறினால் ஒட்டாது, தினமும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். சுழலும் இணைப்பு உப்பில் துருப்பிடிக்கும். வெயிலில் கிடந்த கயிற்றை வளைத்தால் மேல்தோல் வெடித்திருப்பது தெரியும், அன்றே தூக்கிப் போட வேண்டும். பலகையின் வளையத்தோடு சேர்க்கும் சிறு நூலுக்குப் பதில் காலணிக் கயிற்றைக் கட்டியிருப்பதையும் இந்தக் கரையில் காணலாம். நீரோட்டம் உள்ள இடத்திலும், நங்கூரமிட்ட படகுகளுக்கு நடுவிலும் கால்கயிறே ஆபத்து. படகின் கயிற்றில் அது சிக்கினால், இழுக்கும் நீரில் குனிந்து காலை எட்ட முடியாது. அங்கே இடுப்புப்பட்டையில், ஒரே இழுப்பில் கழன்றுவிடும் கயிறுதான் சரி. 2021 அக்டோபரில் வேல்ஸ் நாட்டில் ஹாவர்ஃபோர்ட்வெஸ்ட் என்ற ஊரில், வழிகாட்டியோடு போன பலகைக் குழுவில் நான்கு பேர் ஆற்றின் தடுப்பணையில் இறந்தார்கள். அந்த வேகநீருக்கு ஏற்ற கயிறு அவர்களிடம் இல்லை என்பதும் விசாரணையில் வந்தது. உலாவை நடத்தியவருக்கு 2025இல் பத்தரை ஆண்டு சிறை. நால்வர் போன பிறகு வந்த தீர்ப்பு அது. உங்களிடம் நாங்கள் கேட்பது அதற்கு முன்னால் போடக்கூடிய ஒரு கையெழுத்து.

நல்ல சுருள்கயிறு ஒன்றின் விலை, ஒருவரிடம் வாங்கும் உலாக் கட்டணத்தைவிடக் குறைவு. பிறகு ஏன் கட்டுவதில்லை? கட்டினால் அடுத்த குழுவுக்குப் பலகையை மாற்றிவிட நேரம் ஆகிறதாம். "காலில் கட்டுறீங்களே, நான் என்ன மாடா?" என்று வாடிக்கையாளர் கேட்கிறாராம். படத்தில் அழகாக இல்லையாம். கேட்டால் இப்படி விதவிதமாகக் கயிறு திரிக்கிறார்கள். திரித்த கயிற்றில் ஒரு முழத்தைக் காலில் கட்டியிருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது.

உங்களிடம் கேட்டாலும் கிட்டத்தட்ட அதுதான் கிடைக்கிறது, மன்னிக்கவும். உங்கள் அலுவலகங்களில் படகுக்கு ஒரு சன்னல், கடற்கரைக்கு ஒரு சன்னல், காட்டுக்கு ஒரு சன்னல், வழிகாட்டிக்கு இன்னொரு சன்னல். பலகைக்கு எந்தச் சன்னல் என்று கேட்டால் ஒவ்வொரு விரலும் அடுத்த சன்னலைக் காட்டுகிறது. பலகை படகா, விளையாட்டுச் சாமானா என்பதே முடிவாகவில்லையாம். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2008இலேயே, அலைச்சறுக்கு, நீச்சல் பகுதிகளுக்கு வெளியே போகும் துடுப்புப் பலகை ஒரு கலம்தான் என்று முடிவுசெய்துவிட்டது. முக்கா ஹெட்டில் 1883இலேயே கலங்கரை விளக்கம் கட்டியவர்கள், எந்தச் சன்னலின் வேலை இது என்று கேட்டுக்கொண்டு நின்றிருந்தால் கப்பல்கள் இன்னும் இருட்டில்தான் வந்துகொண்டிருக்கும்.

பொறுப்புத்துறப்புப் படிவம் மட்டும் எந்த நடத்துநரிடமும் தீர்ந்துபோவதில்லை. சிறுவர் அளவு மேலங்கி தீர்ந்துவிடும். ஜெல்லிமீன் கொட்டினால் ஊற்ற வேண்டிய வினிகர் தீர்ந்துவிடும். பெட்டி ஜெல்லிமீன் உள்ள கடல் இது. குறைந்தது அரை நிமிடம் ஊற்றுவதற்கு ஒரு பெரிய போத்தலாவது வேண்டும், நல்ல தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் கேடு. இருக்கும் மேலங்கிகளையோ படகில் இருக்கையாகப் போட்டு உட்கார்ந்து நுரையை நசுக்கிவைத்திருப்பார்கள். தோளைப் பிடித்துத் தூக்கினால் காதுவரை ஏறும் மேலங்கி நீரிலும் அப்படித்தான் ஏறும். கழிவறையைப் பற்றியும், படகுத்துறையில் வண்டி நிறுத்துவதைப் பற்றியும், எச்சரிக்கைப் பலகையில் தமிழுக்கு இடமில்லாததைப் பற்றியும் எழுதத் தொடங்கினால் இது மடலாக இருக்காது. தமிழ் பேசும் குடும்பங்கள் பேருந்து பிடித்து ஈப்போவிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் வருகின்றன, பாட்டி கரையில் பை காக்க, பிள்ளைகள் பலகையில். ஆங்கிலத்தில் வேகவேகமாகச் சொன்ன விளக்கத்துக்கு அப்பா தலையாட்டியது புரிந்ததற்கு அடையாளம் ஆகாது. சரி, அது வேறு மனு.

கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறோம். அடுத்த பள்ளி விடுமுறைக்கு முன், எந்தச் சன்னலானாலும் சரி, ஏதாவது ஒரு சன்னலிலிருந்து ஒரு பக்கச் சுற்றறிக்கை வரட்டும். பலகையில் இருப்பவருக்கு இடத்துக்கேற்ற கயிறு. இறங்கினால் பலகைகளுக்கு நங்கூரம், அவற்றின் மேல் ஒரு வழிகாட்டி. ஆறு புதியவருக்கு ஒரு வழிகாட்டி, எந்தக் குழுவானாலும் குறைந்தது இருவர். இடி கேட்டால் எல்லாரும் கரையில், கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் யாரும் இறங்கக் கூடாது. உலாவை ரத்துசெய்யும் அதிகாரம் முகப்பில் பணம் வாங்குபவரிடம் இல்லாமல் கடலில் நிற்கும் வழிகாட்டியிடம் இருக்கட்டும். ரத்தானால் பணம் திரும்பும் என்பதையும் எழுதிவிடுங்கள். அது இல்லாவிட்டால் அவரும் வானத்தைப் பார்க்க மாட்டார், வாடிக்கையாளர் முகத்தைத்தான் பார்ப்பார்.

சோதனைக்கு அதிகாரிகள் வருவதாக இருந்தால் முன்கூட்டிச் சொல்லாமல், சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தெலுக் பஹாங் படகுத்துறைக்கு வாருங்கள். பலகைகளின் வாலைப் பாருங்கள், வளையத்தில் என்ன கட்டியிருக்கிறது என்று. கட்டிக் காட்ட ஆள் வேண்டுமென்றால் நாங்கள் வருகிறோம். கயிறும் நாங்களே கொண்டுவருகிறோம்.

பணிவன்புடன்,
தீவின் வடகடலில் துடுப்புப் போடுபவர்கள்