ஒரே ஒரு அணி உள்ள லீக்

அன்பின் மச்சான்,

உன் கடைசிக் கடிதம் வந்து ஏழு மாதம். பதில் போடாததற்கு முழங்காலைச் சாட்டலாம், பனியைச் சாட்டலாம். என் சாட்டுகள் எல்லாம் உனக்கு எட்டாம் வகுப்பிலிருந்தே பாடம் என்பதால் விட்டுவிடுகிறேன். இங்கு எல்லோரும் சுகம். இவளுக்குச் சீனி கட்டுக்குள் நிற்கிறது. உன் வளவுக் கறுத்தக்கொழும்பான் மாமரம் இந்த முறை காய்த்ததா என்று கேட்கச் சொன்னாள்.

ஒரு விசயம் நடந்துவிட்டது. அதைச் சொல்ல முதலில் ஐஸ் ஹொக்கியில் தொடங்க வேண்டும். சிரிக்காதே.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பேத்தியைப் பயிற்சிக்குக் கூட்டிப்போவதுதான் இப்போது என் உத்தியோகம். அவள் கோல் காப்பவள். காலுக்குக் கட்டும் மெத்தை அவளில் பாதி இருக்கும். குனிந்து சப்பாத்து லேசை இழுத்துக் கட்டினால், "இன்னும் இறுக்கம் அம்மப்பா" என்பாள். விரல் வெடித்துவிடும் போல இருக்கும். கட்டி முடித்தபின் ஒரு மணித்தியாலம் குளிரில் சும்மா இருக்க வேண்டும். அதற்காக நூலகத்திலிருந்து புத்தகம் எடுக்கத் தொடங்கினேன். அப்படி மாட்டுப்பட்டதுதான் 1917-18, தேசிய ஹொக்கி லீக்கின் முதலாவது பருவம்.

அந்த லீக் எப்படிப் பிறந்தது தெரியுமா? ஒரு மனுசனைக் கழற்றிவிடுவதற்காக! ரொறன்ரோ அணியின் சொந்தக்காரர் எடி லிவிங்ஸ்டன். எல்லாவற்றுக்கும் சண்டை, எல்லாவற்றுக்கும் வழக்கு. மற்றச் சொந்தக்காரர்களுக்கு அவரைக் கண்ணில் காட்டக் கூடாது. ஆனால் அதுவரை அவர்கள் ஆடிய பழைய லீக்கின் யாப்பில் அவரை வெளியேற்ற வழியில்லை. என்ன செய்தார்கள்? 1917 நவம்பர் 26, மொன்றியல் வின்ட்சர் ஹோட்டலில் கூடி, அவரை மட்டும் அழைக்காமல், புது லீக் ஒன்றைத் தொடங்கிவிட்டார்கள். பழைய லீக்கின் செயலாளர் பிராங்க் கால்டர்தான் புதியதன் தலைவர். வொண்டரர்ஸ் அணிக்காரர் லிக்டன்ஹைன், "அவரை நாங்கள் வெளியே போடவில்லையே, அவருடைய அணி பழைய லீக்கில் அப்படியே இருக்கிறது, என்ன, அந்த லீக்கில் ஒரே ஒரு அணிதான்" என்ற மாதிரி ஒரு பத்திரிகைக்காரரிடம் நையாண்டி பண்ணினாராம்.

நம் வகுப்பில் "ஒழுங்குப் பிரச்சினை" என்று பட்டம் வாங்கியவன் உனக்கு இப்போது ஞாபகம் வந்திருப்பானே. பொறு, வருகிறேன்.

டிசம்பர் 19இல் முதல் ஆட்டங்கள். மொன்றியலில் வொண்டரர்ஸ் ரொறன்ரோவை 10-9 என்று வென்றது. பத்துக்கு ஒன்பது! சீருடையில் வந்த படையாட்களுக்கு இலவசம் என்று விட்டும் வந்தது ஏறத்தாழ 700 பேர். போர்க்காலம், நல்ல ஆட்டக்காரர் பலர் ஐரோப்பாவில். லிக்டன்ஹைனின் நையாண்டிக்கு ஆயுள் ஐந்து கிழமைதான். ஜனவரி 2ஆம் திகதி மொன்றியல் அரங்கு எரிந்து சாம்பலானது. வொண்டரர்ஸ் அத்தோடு கலைந்தது. அந்த 10-9தான் புது லீக்கில் அவர்கள் கண்ட ஒரே வெற்றி. மிச்சம் மூன்று அணி. மூன்று அணியோடு ஒரு லீக், மச்சான்! நம்முடைய வட்டார மென்பந்துச் சுற்றுப்போட்டிக்கே எட்டு அணி வந்தது.

ஆனால் ஆட்டம் என்ன ஆட்டம்! கியூபெக் அணி அந்த வருடம் இறங்கவில்லை. அதனால் அங்கிருந்து மொன்றியல் கனேடியன்ஸுக்கு வந்து சேர்ந்த ஜோ மலோன் 20 ஆட்டத்தில் 44 கோல். முதல் நாளிலேயே ஐந்து. அதுவரை கோல் காப்பவர் பனியில் விழுந்து பந்தை, மன்னிக்கவும், "பக்" என்ற ரப்பர் வட்டை மறித்தால் தண்டனை. ஒட்டாவாவின் கிளின்ட் பெனடிக்ட் தற்செயலாகச் சறுக்கியவர் போல முழங்காலில் விழுந்துகொண்டே இருப்பாராம். அவருக்குக் "கும்பிடும் பெனி" என்று பட்டம். தண்டித்துக் களைத்த கால்டர் ஜனவரி 9இல் விதியையே மாற்றிவிட்டார், இனி விழலாம் என்று. பேத்தியிடம் சொன்னேன். "நான் விழுந்தால்தானே நல்லம், அம்மம்மா ஏன் பயப்படுகிறா" என்றாள்.

கடைசியில் வென்றது யார் என்று நினைக்கிறாய்? ரொறன்ரோ. லிவிங்ஸ்டனிடமிருந்து எடுத்த அதே ஆட்டக்காரர், அரங்குக்காரரின் கையில், ஒழுங்கான பெயர்கூட இல்லாத அணியாக. மார்ச்சில் மேற்குக் கரை லீக்கில் வென்ற வன்கூவர் கோப்பைக்காக மோத வந்தது. ஒற்றைப்படை ஆட்டங்கள் கிழக்கு விதியில், ஆறு பேர். இரட்டைப்படை மேற்கு விதியில், ஏழு பேர். அவரவர் விதியில் அவரவர் வென்று, ஐந்தாவதில் 2-1 என்று ஸ்டான்லி கோப்பை ரொறன்ரோவுக்கு. லிவிங்ஸ்டன் அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் வழக்காடினார். அந்த அரங்கு நின்ற மியூச்சுவல் தெருவுக்கு ஒரு நாள் போய்ப் பார்த்தேன். குடியிருப்புக் கட்டடங்கள். ஒரு பெடியன் நாயோடு நின்றான்.

சரி, விசயம். நம் ஒழுங்குப் பிரச்சினையை உனக்குத் தெரியும்தானே. வகுப்பிலேயே கை உயர்த்தி வாத்தியாரின் கூட்டலைத் திருத்தியவன். இங்கும் பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் கடந்த மூன்று வருடமாக இரவு விருந்துக் கணக்கைக் கேட்டுக்கொண்டே இருந்தான். பற்றுச்சீட்டு எங்கே, மேசைப் பூவுக்கு ஏன் இவ்வளவு? எல்லோருக்கும் தலையிடி. எனக்கும்தான். ஒரு நாள் என் பேஸ்மென்ற்றில் தேத்தண்ணியும் மீன் ரோல்ஸும் எடுத்துக்கொண்டிருந்தபோது நிர்வாகக் குழுவுக்கு லிவிங்ஸ்டன் கதையைச் சொன்னேன். பகிடிக்குத்தான் சொன்னேன். குழுவில் "கண்ணாடி" என்று கூப்பிடுபவன் மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப யாப்பில அதுக்குத் தடை இல்லையா?" என்று கேட்டான்.

மூன்று கிழமையில் புதுச் சங்கம் பதிவாகிவிட்டது. அதே பள்ளிக்கூடம், அதே ஆட்கள், பெயரில் ஒரு சொல் மட்டும் கூட. நான் உபதலைவர். கையெழுத்துப் போட்டபோது பேனா நல்லாகத்தான் ஓடியது, மச்சான். அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். 83 கலவரத்தில் என்னை ஒழுங்குப் பிரச்சினை தன் வீட்டுப் பரணில் மூன்று நாள் வைத்திருந்தது உனக்குத் தெரியும். இந்தக் குழுவில் வேறு ஒருவருக்கும் தெரியாது. நானும் வாய் திறக்கவில்லை.

போன கிழமை தபாலில் ஒரு அறிவித்தல் வந்தது. பழைய சங்கத்தின் முத்திரை குத்தியிருந்தது, அது இன்னும் அவனிடம்தான். வருடாந்தப் பொதுக்கூட்டம், அடுத்த மாதம் கடைசி ஞாயிறு, பிற்பகல் மூன்று மணி, அவன் வீட்டில். நிகழ்ச்சி நிரல் எல்லாம் ஒழுங்காக எண் போட்டு: கடவுள் வணக்கம், சென்ற கூட்ட அறிக்கை, கணக்கறிக்கை, ஏனையவை. அடியில் கையால், "சிற்றுண்டி உண்டு".

இவள் போ என்கிறாள். கண்ணாடிக்குத் தெரிந்தால் உபதலைவர் பதவி போகும், அது போனால் போகட்டும். போய்க் கதவைத் தட்டினால் அவன் முதலில் என்ன கேட்பான் என்பதுதான் பயம். சந்தா கட்டினாயா என்றுதான் கேட்பான். கட்டவில்லை, இரண்டு வருடமாக.

கடிதம் எழுதாதே, நேரத்துக்கு வராது. போன் எடு.

அன்புடன்,
உன் பழைய வாங்குக்காரன்