கையொப்பத்துக்கு மேலே உள்ள வரி

மயிலாப்பூர்,
சென்னை - 4.

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் திங்களன்று கிடைத்தது. மூட்டு வலி தணிந்து காலையில் மீண்டும் நடக்கத் தொடங்கியிருக்கிறீர்கள் என்ற செய்தி எங்கள் இருவருக்கும் பெரும் மகிழ்ச்சி அளித்தது. நாங்கள் இங்கே நலம்.

அம்பத்தூரில் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்கூடம் நடத்தும் உங்கள் மகள், மூன்று மாதமாகப் பணம் தராத வாடிக்கையாளருக்குத் தமிழில் எழுதியுள்ள கடிதத்தின் நகலை அனுப்பி, அதன் முடிவு சரிதானா என்று கேட்டிருந்தீர்கள். கடிதத்தின் உடல் மிக நன்றாக இருக்கிறது. தேதி, பட்டியல் எண், தொகை எல்லாம் உரிய இடத்தில் உள்ளன; ஒரு கடுஞ்சொல்லும் இல்லை. ஆனால் "ஐயா" என்று தொடங்கிய அந்தக் கடிதம் "என்றும் அன்புடன்" என்று முடிகிறது. அதை மாற்றியே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

விளியும் முடிப்பும் ஒரே உறவின் இரு முனைகள். "ஐயா" என்று அழைத்தபோது வாடிக்கையாளரை ஒரு மரியாதையான தொலைவில் நிறுத்தினோம்; முடியும்போது அவர் தோளில் கை போட்டால், நடுவில் சொன்ன தொகையும் தவணையும் வலுவிழந்து போகும். ஆங்கிலத்திலும், பிரிட்டிஷ் மரபில், "டியர் சர்" என்று தொடங்கினால் "யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி" என்றும், பெயரைச் சொல்லி அழைத்தால் "யுவர்ஸ் சின்சியர்லி" என்றும் முடிப்பார்கள். நம் அரசு அலுவலகங்களும் இதையே பின்பற்றுகின்றன: முறையான கடிதத்துக்கு முன்னது, ஓர் அதிகாரி இன்னொருவரைப் பெயர் சொல்லி எழுதும் நேர்முகக் கடிதத்துக்குப் பின்னது. "ஆஃபீஸ் மெமோரண்டம்" எனப்படும் அலுவலகக் குறிப்பாணையிலோ விளியும் கிடையாது, முடிப்பும் கிடையாது. கையொப்பமும் பதவியும் மட்டும்தான். விளி இல்லாத இடத்தில் முடிப்பும் இல்லை என்பதிலிருந்தே இரண்டும் எவ்வளவு பிணைந்தவை என்று தெரிகிறது.

தமிழில் இதற்கு இலக்கணமும் துணை நிற்கிறது. "தங்கள் உண்மையுள்ள" என்பதில் வரும் "உள்ள" பெயரெச்சம். தனக்கு அடுத்து ஒரு பெயரை எதிர்பார்த்து நிற்பது. கீழே கையொப்பமிடுபவரின் பெயர் வந்ததும் அந்தத் தொடர் நிறைவு பெறுகிறது. அதாவது, மேலே எழுதிய அத்தனைக்கும் பொறுப்பான ஆள் இன்னார் என்று அது சொல்லிவிடுகிறது. "அன்புடன்", "நன்றியுடன்" என்பவை அப்படியல்ல. அவை எழுதுகிறேன் என்ற வினையை நாடி நிற்கின்றன. எழுதும்போது இருந்த உணர்வைச் சொல்கின்றனவே தவிர ஆளைச் சொல்லவில்லை. நிலுவை கேட்கும் கடிதத்துக்கு வேண்டியது ஆள். இன்னொரு வசதியும் உண்டு: "உண்மையுள்ள" என்ற சொல்லில் ஆண்பால் பெண்பால் வேறுபாடு இல்லை, பெரியவர் சிறியவர் என்ற ஏற்றத்தாழ்வும் இல்லை.

பணிவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பாரிமுனையில் நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த வணிக அலுவலகத்தில், குறைவாக வந்த சரக்குக்கு ஈடு கேட்டு ஒரு கடிதம் எழுதச் சொன்னார்கள். பள்ளியில் விடுப்பு விண்ணப்பம் எழுதிப் பழகிய கை "தங்கள் கீழ்ப்படிதலுள்ள" என்று முடித்துவிட்டது. தலைமை எழுத்தர் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, "தர வேண்டியவர் அவர், நாம் ஏன் கீழ்ப்படிய வேண்டும்?" என்று மெதுவாகக் கேட்டார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கேள்வி என் காதில் இருக்கிறது. வெள்ளையர் ஆட்சிக்காலத்தில், தங்களின் மிகவும் கீழ்ப்படிதலுள்ள ஊழியன் என்று பொருள்படும் நீண்ட ஆங்கிலத் தொடரோடு அலுவல் கடிதங்களை முடிப்பது வழக்கமாக இருந்தது. அந்தக் குனிவு தமிழுக்கும் வந்து மனுக்களில் தங்கிவிட்டது. வணிகத்தில் இரு தரப்பும் சமம் என்பதால் அங்கே அதற்கு இடமே இல்லை என்று நான் நம்புகிறேன்.

"இப்படிக்கு" என்று போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போடலாம், ஆனால் அது எழுதியவர் யார் என்று காட்டுமே தவிர, பெறுபவரோடு உள்ள உறவைச் சொல்லாது. இரண்டையும் சேர்த்தால் "இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள" என்று ஒற்று மிகும் என்பதை மகளிடம் சொல்லுங்கள். "இவண்", "இங்ஙனம்" இரண்டும் அறிவிப்புகளுக்கு அழகாகப் பொருந்தும். கடிதத்தில் எனக்கு அவை பிடிப்பதில்லை.

ஆகவே மகளின் கடிதத்தில், "இம்மாத இறுதிக்குள் தொகையைச் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று முற்றுப்பெற்ற வாக்கியத்தை முதலில் நிறுத்தட்டும். "தங்கள் பதிலை எதிர்நோக்கி" என்று பாதியில் தொங்கவிட வேண்டாம். அதன் கீழே "தங்கள் உண்மையுள்ள", அடுத்து கையொப்பம், அதற்குக் கீழே அடைப்புக்குறிக்குள் பெயர், பிறகு உரிமையாளர் என்ற பதவி. நிறுவனத்தின் சார்பில் ஒப்பமிடுவதால், கையொப்பத்துக்கு மேலே நிறுவனத்தின் பெயரை எழுதி "நிறுவனத்துக்காக" என்று சேர்ப்பதும் முறைதான். மின்னஞ்சலில் அனுப்பினாலும் இதுவே இருக்கட்டும். அங்கே எல்லா அஞ்சலுக்கும் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் வாழ்த்து வரியை இந்த ஒன்றுக்கு மட்டுமாவது எடுத்துவிடச் சொல்லுங்கள். பணம் வந்து, கணக்குத் தீர்ந்து, அவர் நீண்ட நாள் வாடிக்கையாளராகவும் ஆகிவிட்டால், பொங்கல் வாழ்த்து அனுப்பும்போது "அன்புடன்" என்று மனமார எழுதட்டும்.

திருத்திய நகலை அனுப்பும் முன் எனக்கு ஒரு முறை காட்டச் சொல்லுங்கள். அடுத்த மாதம் மகளைப் பார்க்கச் சென்னைக்கு வரும்போது, இங்கே ஒரு நாள் தங்கிவிட்டுத்தான் போக வேண்டும்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்