‘1900-ஆம் ஆண்டு’ கண்ணாடி ஓவியமும் ‘பழைய’ பாக்குவெட்டியும்: பணம் திரும்பக் கோரிப் புகார்

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
பழம்பொருள் இணைய விற்பனை நிறுவனம்,
சென்னை.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். போன மாதம் உங்களிடம் இரண்டு பொருட்கள் வாங்கினேன். ஒன்று, ‘தஞ்சாவூர் கண்ணாடி ஓவியம், நவநீத கிருஷ்ணன், சுமார் 1900, அசல் சட்டம், அசல் பின்பலகை’ என்று நீங்கள் விளம்பரம் செய்தது. விலை 18,500 ரூபாய். மற்றது ‘செட்டிநாட்டுப் பழைய பித்தளைப் பாக்குவெட்டி’, 4,200 ரூபாய். இரண்டோடும் உங்கள் முத்திரை குத்திய பழமைச் சான்றிதழ் வந்தது. இரண்டுமே பழையவை அல்ல. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, ‘பழம்பொருளில் கீறலும் நிறமாற்றமும் இயல்பு, அதற்காகத் திரும்பப் பெற இயலாது’ என்று பதில் அனுப்பினீர்கள். நான் கீறலைப் பற்றிப் புகாரே சொல்லவில்லை. இருக்க வேண்டிய கீறல் இல்லை என்பதுதான் என் புகார்.

கண்ணாடி ஓவியத்தைப் பின்பக்கமிருந்து எழுதுவார்கள். மற்ற படங்களில் கடைசியாக வைக்கும் கண்மையும் நகைக்கோடும் இதில் முதலில் வரும். உடம்பின் நிறம் அடுத்தது. திரைச்சீலையும் பின்னணியும் கடைசி. இந்தப் படத்தை எழுதியவருக்கு அந்த வேலை நன்றாகவே கைவந்திருக்கிறது. குழந்தையின் விரல்களுக்குள் வெண்ணெய் உருண்டை உட்கார்ந்திருக்கும் அழகே போதும். ஆனால் எழுதிய கண்ணாடி இக்காலத்தது. பழைய கண்ணாடியை டியூப்லைட்டுக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால் பிம்பம் லேசாக நெளியும், அங்கங்கே குமிழி தெரியும். இதில் பிம்பம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக ஓடுகிறது. உருகிய தகரத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்யும் ஃப்ளோட் கண்ணாடி இது. அந்த முறையே 1950-களில்தான் இங்கிலாந்தில் உருவானது.

சட்டம் பழைய தேக்குதான், மறுக்கவில்லை. ஏதோ வீட்டு ஜன்னலில் இருந்து அறுத்தது. கீல் இருந்த பள்ளத்தை மெழுகு வைத்து அடைத்திருக்கிறார்கள். பின்பலகை ஹார்டுபோர்டு. அதைப் பிடித்திருப்பவை துருவேற்றிய ஸ்டார் ஸ்க்ரூக்கள். அந்த வகை ஸ்க்ரூ 1930-களில் சந்தைக்கு வந்தது.

ஹார்டுபோர்டு தெரியாமலிருக்க அதன் மேல் ஒரு தமிழ்ச் செய்தித்தாளை ஒட்டி, டீத்தண்ணீர் தெளித்துப் பழுப்பாக்கியிருக்கிறீர்கள். அதில் ‘விலை’ என்ற சொல் இன்றைக்கு நாம் எழுதுகிற ‘லை’யோடு இருக்கிறது. ‘னை’யும் ‘றா’வும் அப்படியே. 1900-இல் துதிக்கை வைத்த ‘லை’தான் அச்சில் இருந்தது. இந்தச் சீர்திருத்த எழுத்தைப் பெரியார் தம் பத்திரிகையில் கொண்டுவந்தது 1935-இல். தமிழக அரசு ஏற்றது 1978-இல். பின்பலகையைப் பிற்பாடு யாராவது மாற்றியிருக்கலாம் என்று சொல்லிவிடாதீர்கள். அசல் பின்பலகை என்று உங்கள் சான்றிதழே சொல்கிறது.

பாக்குவெட்டிக்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவைப்படவில்லை. விரலே படாத அலங்காரக் கிளிமூக்கு தேய்ந்திருக்கிறது. திறந்து மூடும்போது உரச வேண்டிய ஆணிக்கட்டு புத்தம் புதிதாக இருக்கிறது. பள்ளங்களில் இருக்கும் கறுப்பில் செருப்பு பாலிஷ் வாசனை வருகிறது.

புதுப்பொருள் வாங்குவதில் எனக்கு எந்தக் குறைவும் இல்லை. என்னிடம் இருக்கும் மரம், மண், பித்தளைச் சாமான்களில் பாதி, செய்தவர் கையிலிருந்தே வாங்கியவை. இந்த நவநீத கிருஷ்ணனை ‘இன்னார் இந்த வருஷம் எழுதியது’ என்று போட்டிருந்தால் நியாயமான விலைக்கு வாங்கியிருப்பேன், அவரிடமே இன்னொன்றும் எழுதச் சொல்லியிருப்பேன். நீங்கள் செய்ததில் நான் பணத்தை இழந்தேன், அவர் பெயரை இழந்தார். 18,500-இல் அவருக்கு எவ்வளவு போனது என்று கேட்டால் சொல்வீர்களா?

இன்னொரு விஷயம். இதே பட்டியலின் கீழே ‘வெளிநாட்டுக்கும் அனுப்பப்படும்’ என்று இருக்கிறது. தொல்பொருட்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம், 1972-இன்படி நூறு ஆண்டு கடந்த ஓவியம் தொல்பொருள். அதைத் தனியார் ஏற்றுமதி செய்யக் கூடாது. உள்நாட்டில் வியாபாரம் செய்யவே உரிமம் வேண்டும். சான்றிதழ் உண்மையானால் உங்கள் ஏற்றுமதி விளம்பரம் சட்டவிரோதம். ஏற்றுமதி சரியென்றால் சான்றிதழ் பொய். எது என்று எழுத்தில் சொல்லுங்கள், உரிம எண்ணையும் சேர்த்து.

மொத்தம் 22,700 ரூபாயை முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். பொருட்களை எடுத்துச் செல்லும் செலவு உங்களுடையது. இதே கண்ணாடி, இதே ஸ்டார் ஸ்க்ரூவோடு உங்கள் தளத்தில் இருக்கும் மற்ற ‘1900’ ஓவியங்களின் விவரத்தையும் திருத்த வேண்டும். மின்வணிக விதிகள், 2020-இன்படி இந்தப் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் நீங்கள் தீர்வு தர வேண்டும். இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். சென்னைக்கு அலைய வேண்டியதில்லை.

எடுக்க வரும் ஆளிடம் ஓவியத்தைப் படுக்க வைக்காமல் நிறுத்தியே கொண்டுபோகச் சொல்லுங்கள். எழுதியவர் உழைப்பு வழியில் உடைய வேண்டாம்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்,
கும்பகோணம்.

இணைப்பு: ரசீது, சான்றிதழ் நகல்கள், பின்பலகை, செய்தித்தாள், ஆணிக்கட்டு ஆகியவற்றின் படங்கள், உங்கள் விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்.