ஆராய்ச்சி மணியை எங்கே கட்டுவது?

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கண்புரை அறுவைக்குப் பிறகு கொஞ்ச நாள் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் பேத்திதான் வாசித்துக் காட்டினாள். ‘போலி வீடியோ வந்துவிட்டது, இனி தேர்தல் என்பதே கூத்துதான்’ என்று நீ எழுதியிருந்த இடத்தில் நிறுத்தி, “இவர் ரொம்பக் கோபக்காரரா தாத்தா?” என்றாள். நாற்பது வருடமாக அப்படித்தான் என்றேன்.

உன் பயம் வீண் என்று சொல்ல மாட்டேன். 2024 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் அப்போதைய அதிபர் ஜோ பைடனின் குரலைப் போலவே செய்து, உட்கட்சித் தேர்தலில் ஓட்டுப் போடப் போக வேண்டாம் என்று ஆயிரக்கணக்கான பேருக்குப் போன் போனது. ஆனால் ஆள் அகப்பட்டார், 60 லட்சம் டாலர் அபராதமும் விழுந்தது. ருமேனியாவில் நடந்ததுதான் பெரிய சிக்கல். சமூக ஊடகத்தில் ஒரு வேட்பாளரைத் தூக்கிவிடத் தில்லுமுல்லு நடந்தது என்று உளவுத்துறை அறிக்கைகள் வர, 2024 டிசம்பர் 6 அன்று அரசமைப்பு நீதிமன்றம் அதிபர் தேர்தலின் முதல் சுற்றையே ரத்து செய்தது. ஜனநாயகத்தைக் காப்பாற்ற மக்கள் போட்ட ஓட்டை நீதிபதிகள் அழிக்கலாமா? எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நீ இதற்குள் ஒரு பக்கம் சேர்ந்திருப்பாய்.

என் தூக்கம் கெடுவது வேறு விஷயத்தில். அறுவைக்கு முன்னால் காப்பீட்டில் அனுமதி கேட்டேன், மறுத்துவிட்டார்கள். ஏன் என்று நேரில் போய்க் கேட்டேன். எதிரே இருந்தவன் நல்ல பையன்தான், திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினான். சிவப்பில் ஒரே ஒரு சொல். அதற்கு மேல் அவனுக்கும் ஒன்றும் தெரியாது. சரி, அது என் காசோடு போகிற விஷயம். இதே பதிலை ஒரு அரசு சொன்னால்?

ஆஸ்திரேலியாவில் சொன்னது. உதவித்தொகை வாங்கியவர்களின் ஆண்டு வருமானத்தை எடுத்து, இரண்டு வாரத்துக்கு இவ்வளவு என்று 26 ஆல் வகுத்தார்கள். ஆறு மாதம் வேலை பார்த்து ஆறு மாதம் வேலையில்லாமல் இருந்தவர் கணக்கில் வருடம் முழுக்கச் சம்பாதித்தவர் ஆகிவிட்டார். வாங்கியதைத் திருப்பிக் கொடு என்று கடிதம் தானாகவே போனது. இல்லை என்றால் பல வருடத்துக்கு முந்தைய சம்பளச் சீட்டை நீயே தேடிக் கொண்டுவா. லட்சக்கணக்கான பேர் மாட்டினார்கள். 2019-ல் நீதிமன்றத்தில் இந்தக் கணக்கு நிற்கவில்லை, 2023-ல் விசாரணை ஆணையம் இது நியாயமும் இல்லை, சட்டப்படியும் இல்லை என்று எழுதியது. வேடிக்கை என்னவென்றால் இதில் செயற்கை நுண்ணறிவே கிடையாது, வெறும் வகுத்தல். வகுத்தலையே கண்டுபிடிக்க இத்தனை வருடம் ஆனதென்றால், எப்படி முடிவுக்கு வந்தது என்று செய்தவர்களாலேயே விளக்க முடியாத ஒன்றை என்ன செய்வது?

நெதர்லாந்திலும் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் ஏறக்குறைய இதே கதை. அங்கே 2021-ல் அமைச்சரவையே பதவி விலகியது.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து லூமிஸ் வழக்கை நீ படித்திருப்பாய். குற்றவாளியான லூமிஸ் மறுபடி குற்றம் செய்வாரா என்று ஒரு மென்பொருள் மதிப்பெண் போட்டது. எப்படிப் போட்டது என்று கேட்டால், வியாபார ரகசியம். 2016-ல் மாநில உச்ச நீதிமன்றம், மதிப்பெண்ணை மட்டும் வைத்துத் தண்டிக்காதே, எச்சரிக்கையோடு பயன்படுத்திக்கொள் என்றது. முப்பது வருடம் நீதிமன்றப் படி ஏறியவன் சொல்கிறேன், இது ஏட்டுச் சுரைக்காய். திரையில் பத்துக்கு ஒன்பது என்று நிற்கும்போது எந்த நீதிபதி துணிந்து விடுவிப்பார்? விட்ட பிறகு ஏதாவது ஆனால் மறுநாள் பத்திரிகைகள் அவரைத்தானே கிழிக்கும்? அப்புறம், இந்த மதிப்பெண்ணில் அபாய எல்லையை ஏழில் வைப்பதா எட்டில் வைப்பதா என்பது உண்மையில் ஒரு சட்டம். எந்தச் சபையும் விவாதிக்காமல், எங்கேயோ ஒரு பொறியாளர் மேஜையில் இயற்றப்பட்ட சட்டம்.

மனித நீதிபதி மட்டும் யோக்கியமா என்று கேட்பாய். இல்லைதான், மதியச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் முகம் மாறுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அவர் தீர்ப்பு எழுதியாக வேண்டும். எழுதினால் மேல்முறையீடு செய்ய ஒரு வரியாவது கையில் கிடைக்கும்.

பிரான்ஸ் அரசமைப்பு மன்றம் 2018-ல் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது: தன் விதிகளைத் தானே மாற்றிக்கொள்ளும் கணினி நிரலை, பொறுப்பாளரின் பிடியில் இல்லாத நிலையில், தனி ஆதாரமாக வைத்து அரசு ஒருவரைப் பற்றி முடிவெடுக்க முடியாது. விளக்க முடியாவிட்டால் பயன்படுத்தாதே, அவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 செயற்கை நுண்ணறிவுச் சட்டமும் பாதிக்கப்பட்டவர் விளக்கம் கேட்கலாம் என்கிறது. விளக்கம் என்ற பெயரில் நாலு பக்கம் புரியாத காகிதம் வந்தால் என்ன செய்வது என்பதுதான் என் சந்தேகம்.

ஆராய்ச்சி மணிக் கதையைப் பேத்திக்குச் சொன்னேன். கன்றைப் பறிகொடுத்த பசு கயிற்றை இழுத்ததும் சோழன் எழுந்து வந்தான் என்றதும், “இப்போ இழுத்தா யார் வருவாங்க?” என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடு, அடுத்ததை நானே படித்துக்கொள்வேன்.

அன்புடன்,
மணி