பூமி சூரியனில் விழும் கணக்கு

திருச்சி

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் எங்கள் இருவருக்கும் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே சின்னவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். சாயங்காலங்கள் நீளமாகிவிட்டன. அதனால் உன் மகள் வாட்ஸ்அப்பில் கணக்கு அனுப்பியபோது உண்மையிலேயே மகிழ்ந்துபோனேன்.

அவளுக்கு இயற்பியலுக்கு டியூஷன் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் என்பேன். அவள் எங்கே தடுக்கி நிற்கிறாள் என்பதை இந்த ஒரு கணக்கிலேயே பார்த்துவிட்டேன்.

சூரியனைச் சுற்றும் பூமி திடீரென்று தன் பாதையில் நின்றுவிட்டால், சூரியனில் போய் விழ எத்தனை நாள் ஆகும்? இதுதான் கேள்வி. கீழே, 'விடை எப்படி வரும் மாமா?' என்று எழுதியிருந்தாள். நான் விடையை அனுப்பவில்லை. இதுவரை போட்டுப் பார்த்ததை அனுப்பு, அடித்துப் போட்டதையும் சேர்த்து அனுப்பு என்றேன். தயங்கித் தயங்கித்தான் அனுப்பினாள்.

முடுக்கம் மாறாது என்று வைத்துக்கொண்டு, பள்ளியில் படித்த சூத்திரத்தைப் போட்டிருக்கிறாள். 82 நாள் வந்திருக்கிறது. புத்தகத்தின் பின்பக்கத்தில் 64.5 நாள் என்று இருந்ததால் பக்கம் முழுவதையும் குறுக்கே அடித்துவிட்டாள். எனக்கு மனம் பொறுக்கவில்லை, செல்வம். அந்த 82 வீண் அல்ல. பூமி நெருங்க நெருங்கச் சூரியனின் இழுப்பு கூடிக்கொண்டே போகும். ஆகவே உண்மையான நேரம் 82 நாளுக்குள்தான் இருக்க முடியும். விடைக்கு மேல் எல்லை எது என்பதை அவள் தானாகவே கண்டுபிடித்திருக்கிறாள். இதைச் சொன்னதும் போனில் அவள் குரலே மாறிவிட்டது.

அடுத்து, ஆற்றல் அழிவின்மை விதியை வைத்து ஒவ்வொரு தூரத்திலும் பூமியின் வேகம் என்ன என்று கேட்டேன். தடையில்லாமல் எழுதினாள். 'வேகம் தெரிந்துவிட்டது, அதிலிருந்து நேரத்துக்கு எப்படிப் போவது?' என்ற இடத்தில்தான் நின்றாள். சிறு தூரத்தை அந்த இடத்து வேகத்தால் வகுத்தால் சிறு நேரம்; எல்லாவற்றையும் கூட்டினால் முழு நேரம். தொகையீடு என்பது அவ்வளவுதான். பிரதியிடல் முறையில் தொகையிடுவதைக் கணிதத் துணைப்பாடத்தில் நன்றாகவே படித்து, நல்ல மதிப்பெண்ணும் வாங்கியவள் அவள். ஆனால் அங்கே மாறிக்கு எக்ஸ் என்று பெயர். இங்கே தூரமும் நிறையும் ஈர்ப்பு மாறிலியும் கலந்து வந்ததால் பழகிய முகமே அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. ஒரு துறை நுண்கணிதத்தைச் சொல்லித் தருகிறது, இன்னொரு துறை இயற்பியலைச் சொல்லித் தருகிறது. இரண்டும் சேரும் இடத்தில் பிள்ளையோடு உட்கார யாரும் இல்லை. நம் காலத்திலும் இதே கதைதான்.

நான் ஒரே ஒரு குறிப்புத்தான் கொடுத்தேன்: தூரத்தை, தொடக்கத் தூரம் பெருக்கல் கொசைன் வர்க்கம் தீட்டா என்று எழுதிப் பார். வர்க்கமூலமெல்லாம் கரைந்து, கடைசியில் கொசைன் வர்க்கத்தின் தொகையீடு மட்டும் மிஞ்சும். தூரம் குறைந்துகொண்டே போவதால் கழித்தல் குறி ஒன்று வரவேண்டும். அதை விட்டுவிட்டு, நேரம் எதிர்மறையாக வருகிறதே என்று சிறிது நேரம் தவித்தாள். பிறகு அவளே பிடித்துவிட்டாள். மறுநாள் காலை முழுப் பக்கமும் வந்தது, அடித்தல் திருத்தலோடு. அவ்வளவு அழகான பக்கம்.

அதன் பிறகுதான் குறுக்கு வழியைக் காட்டினேன். நேராக விழுவதும் ஒரு நீள்வட்டப் பாதைதான். முற்றிலும் தட்டையாக நசுங்கிய நீள்வட்டம். அதன் அரை நெட்டச்சு, அதாவது நீள்வட்டத்தின் நீளத்தில் பாதி, பூமி இப்போது இருக்கும் தூரத்தில் பாதி. சுற்றுக்காலத்தின் வர்க்கம் அரை நெட்டச்சின் கனத்துக்கு நேர்விகிதம் என்னும் கெப்ளரின் மூன்றாம் விதிப்படி அதில் ஒரு சுற்றுக்கான காலத்தைக் கண்டு, அதில் பாதியை எடுத்தால் போதும். அரை நெட்டச்சு பாதியானதால் ஒரு சுற்றுக்கு, ஓராண்டை 2 பெருக்கல் வர்க்கமூலம் 2-ஆல் வகுக்க வேண்டும்; அதில் பாதி என்றால் 365 நாளை 4 பெருக்கல் வர்க்கமூலம் 2-ஆல் வகுக்க வேண்டும். அதே 64.5! இதை முதலிலேயே சொல்லியிருந்தால் வித்தை பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போயிருப்பாள். தொகையீட்டோடு மல்லுக்கட்டிய பிறகு பார்த்ததால், ஏன் பாதி, எதற்காக நீள்வட்டம் என்று என்னைக் குடைந்தெடுத்துவிட்டாள்.

போனில் கேள்வியைப் படம் பிடித்தால் நொடியில் தீர்வு தரும் செயலிகள் இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்று நீ எழுதியிருந்தாய். அவற்றை அவள் பயன்படுத்தட்டும், தன் பக்கத்தை முடித்த பிறகு ஒப்பிட்டுப் பார்க்க. அதற்கு முன் வேண்டாம். தீர்வைப் படிக்கும்போது எல்லாம் புரிந்ததுபோலத்தான் இருக்கும். வெற்றுத் தாளின் முன் முதல் வரி எழுதும்போதுதான் எது புரியவில்லை என்று தெரியும்.

விரிவுரை கேட்க வேண்டுமென்றால் ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் என்ற இணையப் பாடத்தளம் இருக்கிறது, கட்டணமில்லாமல் பார்க்கலாம். அமெரிக்காவின் எம்ஐடி தன் பாடங்களைத் திறந்துவைத்திருக்கும் ஓப்பன்கோர்ஸ்வேரில் வீட்டுப்பாடக் கணக்குகளும், பல பாடங்களுக்குத் தீர்வுகளும் கிடைக்கின்றன. டியூஷன் பணத்தை நல்ல இணைய இணைப்புக்குச் செலவிடு.

அடுத்த பருவத்தில் மின்காந்தவியல் வருகிறதாம். அதில் மின்புலம் பற்றி வரும் காஸ் விதிக்கு முன்னால் பரப்புத் தொகையீட்டைக் கொஞ்சம் தொட்டுவிட்டால் அவளுக்குச் சுலபமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் கூப்பிடச் சொல். நோட்டும் பேனாவும் கையில் இருக்கட்டும்.

அன்புடன்,
ராமநாதன்