மருந்தின் பெயரைப் பலகையில் எழுதுங்கள்

மட்டக்களப்பில் பொதுப் புல்வெளிகளைப் பராமரிக்கும் பொறுப்பிலுள்ளோருக்கு,

வணக்கம். புல்லுக்குப் பூச்சிநாசினி, களைநாசினி போன்ற மருந்தடித்த பின் ‘புல்லில் நடக்காதீர்’ என்று பலகை வைக்கிறீர்கள். என்ன மருந்து, எப்போது அடித்தது என்பது அதில் இருப்பதில்லை. அந்த ஒரு வரியைத்தான் கேட்கிறோம்.

அந்தப் புல்லில் திரிந்து நடுங்கும் நாயைத் தூக்கிக்கொண்டு ஓடினால் மிருக வைத்தியர் முதலில் கேட்பது, “என்ன மருந்து?” எச்சில் வடிந்து, கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கியிருந்தால் ஓர்கனோபொஸ்பேற் அல்லது காபமேற் வகைப் பூச்சிநாசினி என்று ஊகிக்கலாம், அதற்கு முறிவாக அத்திரோப்பீன் ஊசி உண்டு. எம்.சி.பி.ஏ. களைநாசினிக்கு அந்த ஊசி முறிவாகாது. நாயின் சிறுநீரகம் அந்தக் களைநாசினியை மிக மெதுவாகவே வெளியேற்றும். நத்தைக்குப் போடும் மெற்றல்டிகைட் வில்லையும் நடுக்கத்தைத்தான் தரும், உடம்பும் கொதிக்கும்; அதற்கு முறிவு மருந்தே இல்லை, வலிப்பையும் சூட்டையும் அடக்கத்தான் முடியும். பெயர் தெரியாமல் வைத்தியர் எதைத் தொடங்குவார்?

நாய் மருந்தைத் தேடிக் குடிப்பதில்லை. ஈரப் புல்லில் நடக்கும், பிறகு பாதத்தை நக்கும். ஆகவே தெளித்தது முற்றாகக் காயும்வரை, குறைந்தது 24 மணித்தியாலம், இடத்தை மூடுங்கள். லேபல் அதற்குமேல் சொன்னால் லேபல்படி. குருணை மருந்தென்றால், லேபலில் சொன்ன அளவுக்கு நீர் பாய்ச்சி மண்ணுக்குள் இறக்கி, புல் காய்ந்த பின்பே திறக்கவேண்டும். கச்சான் காற்று எழும்புமுன் அடியுங்கள். மாரியில் மழை இருட்டும்போது அடித்தால் மருந்து குட்டைக்கும் வாவிக்கும்தான் போகும். தெருநாய்கள் குடிப்பது அந்தக் குட்டைத் தண்ணீரை. தெருநாய்க்குப் பலகை காவலாகாது. சுற்றி வலையும், பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் வேண்டும்.

இன்னொன்று. மருந்தைச் சோடாப் போத்தலில் ஊற்றித் தோட்டத் தொழிலாளியிடம் கொடுக்கும் வழக்கத்தை யார் அனுமதித்தது? பீடைகொல்லிகளைக் கட்டுப்படுத்த 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. லேபல் தொலைந்த மருந்தைக் கையுறைகூட இல்லாமல் அடிக்கும் அந்த மனிதரின் உயிருக்கு யார் பொறுப்பு? நாய்க்கு நேர்வது நாளை அவருக்கும், புல்லில் தவழும் பிள்ளைக்கும் நேரும்.

சொல் கடுத்திருந்தால் பொறுத்தருளுங்கள். தயவுசெய்து அடுத்த முறை மருந்து கலக்குமுன் பலகையில் எழுதுங்கள்: மருந்தின் பெயர், அதிலுள்ள செயற்படு பொருள், அடிக்கும் திகதியும் நேரமும், திறக்கும் நேரம். கீழே இன்னும் இரண்டு வரி: ‘நாயின் உடம்பில் மருந்து பட்டால் கையுறை போட்டுச் சவர்க்காரத்தால் கழுவுங்கள். நடுங்கும் நாயின் வாயில் பாலோ தேங்காயெண்ணெயோ ஊற்றாதீர்கள், சுவாசப்பைக்குள் போய்விடும்.’

இப்படிக்கு,
நாய் வளர்ப்போரும் தெருநாய்களுக்குச் சோறு வைப்போரும்