சாலைக்கு நிதி உண்டு, கடைக் கூரைக்கு இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாகர்கோவில் 2019ல் மாநகராட்சி ஆனது. நகர மேம்பாட்டு நிதி என்றாலே நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது சாலை, வடிகால், நடைபாதைக் கல், பூங்கா. அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் கோட்டாறு கம்போளம் என்கிற பழைய சந்தையிலும் மீனாட்சிபுரத்திலும் வடசேரியிலும் நிற்கிற பழைய கடைக் கட்டடங்களைப் பற்றி ஏன் ஒருவரும் வாய் திறப்பதில்லை?

கம்போளத்துக்குள் ஒரு நடை போய்ப் பாருங்கள். முன்பக்கம் பளபளவென்று ஏசிபி என்கிற அலுமினியப் பூச்சுப் பலகை, எல்இடி போர்டு. உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் ஓட்டுக் கூரை, நனைந்து உளுத்துப்போன கைமரம், ஓட்டை தெரியாமல் இருக்க மேலே ஒரு தார்ப்பாய். வயரிங் யார் காலத்தில் இழுத்ததோ, ஒரு பல்பும் ஒரு ஃபேனும் ஓடிய லைனில் இப்போது ஃப்ரிட்ஜும் ஏசியும் பில்லிங் மெஷினும் ஓடுகின்றன. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு, சுவர் காய்வதற்கு எங்கே நேரம்? போதாததற்குப் பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டதில் பல கடைகளின் தரை ரோட்டுக்குக் கீழே போய்விட்டது. (சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021லேயே தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டார். சரி, அது தனிக் கதை.) சவேரியார் கோயில் திருவிழா வந்து வியாபாரம் சூடுபிடிக்கிற நேரத்தில் நல்ல மழை பெய்தால் வாளியும் துடைப்பமுமாகத்தான் நிற்க வேண்டும்.

கடைக்காரர்களே சரி செய்துகொள்ளலாமே என்று கேட்பீர்கள். பெரும்பாலானவர்கள் வாடகைக்கு இருப்பவர்கள். உரிமையாளர் வளைகுடாவில் இருப்பார், இல்லையென்றால் ஏழெட்டுப் பங்காளிகளுக்குள் வழக்கு நடக்கும். 2019ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் கட்டடத்தின் பெரிய பழுதுகளை உரிமையாளர் தலையில்தான் வைக்கிறது. ஆனால் வருகிற வாடகைக்குக் கூரை மாற்றினால் கையைக் கடிக்கும் என்கிறார் அவர். அடுத்தவர் சுவருக்கு நான் ஏன் செலவழிக்க வேண்டும் என்கிறார் இவர். நடுவில் உளுக்கிறது கைமரம்.

அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஊரின் பழைய கடைவீதியைப் புதுப்பிப்புப் பகுதி என்று அறிவித்துவிடுவார்கள். அன்றைய சொத்து மதிப்புக்கான வரி வழக்கம்போல் மற்ற செலவுகளுக்குப் போகும், அதற்குப் பிறகு கூடுகிற மதிப்பின் மீதான வரி அந்தப் பகுதிக்கே திரும்பும். போர்ட்லாந்து நகரில் கடை முகப்புகளைச் சீர்செய்ய இப்படி உதவித்தொகை கொடுத்தார்கள், கட்டடக்காரரும் தன் பங்கைப் போட வேண்டும். இங்கே 2022ல் வணிகக் கட்டடங்களுக்குச் சொத்து வரி நூறு சதவீதம் கூடியதே, அந்தக் கூடுதல் வரியில் ஒரு பங்கை வரி கட்டிய தெருவுக்கே திருப்பிக் கொடுத்தால் என்ன?

தனியார் கட்டடத்துக்கு மக்கள் பணமா என்ற கேள்வி வரும், வரவும் வேண்டும். அதனால் சும்மா கொடுக்கக் கூடாது. பாதியை உரிமையாளர் போட வேண்டும், வேலை முடிந்து பொறியாளர் பார்த்த பிறகே மீதிப் பணம் கிடைக்க வேண்டும். முக்கியமாக, பணம் வாங்கியவர் ஐந்து ஆண்டுக்கு வாடகைக்காரரைக் காலி செய்யவோ வாடகையை இஷ்டத்துக்கு ஏற்றவோ கூடாது என்று பதிவு செய்த ஒப்பந்தம் வேண்டும். இது இல்லையென்றால் நம் வரியில் கடையைப் புதுப்பித்து, நம்மையே வெளியே அனுப்பிவிட்டு, பெரிய ஷோரூமுக்கு விடுவார்கள். அப்புறம் முகப்புக்குப் பெயின்ட் அடிக்க ஒரு பைசா தர வேண்டாம். முதலில் கூரை, வயரிங், கழிப்பறை. கம்போளத்தில் சாமான் வாங்க வருகிற பெண்கள் கழிப்பறைக்கு எங்கே போவார்கள் என்று எந்த அதிகாரியாவது யோசித்ததுண்டா?

கேரளத்தில் கோழிக்கோட்டின் பழைய கடைவீதியான மிட்டாய்த் தெருவைப் போய்ப் பார்த்தவர்கள் நம் ஊரில் நிறையப் பேர் உண்டு. 2007ல் பெரிய தீ விபத்து நடந்த தெரு அது. 2017ல் கல் பாவி அதைத் திறந்தார்கள். அங்கே முடிந்ததை இங்கே ஒரே மூச்சில் செய்யச் சொல்லவில்லை. வரும் பட்ஜெட்டில் கம்போளத்தில் ஒரே ஒரு தெருவுக்குத் தொகை ஒதுக்கட்டும். எந்தத் தெரு என்பதைக் கடைக்காரர்களைக் கூப்பிட்டுக் கேட்டு, மழைக்கு முன்பே வேலையைத் தொடங்கட்டும்.

ஒரு கடைக்காரர்,
கோட்டாறு, நாகர்கோவில்